பதினெட்டு டிகிரி

கொர்த்தஸாரின் ‘ஆக்சலாட்டில்’ கதையைப் பற்றி ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையைப் போன வாரம் எடுத்துப் படித்தேன். கட்டுரை மோசமில்லை. கதைசொல்லி பாரிஸ் தாவரத் தோட்டத்து மீன்காட்சிச் சாலைக்குத் தினமும் போய், கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பிராணியைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் அதுவாகவே ஆகிவிடுவதை ‘பிரக்ஞையின் இடமாற்றம்’ என்று விளக்கியிருந்தேன். ‘இமையற்ற பார்வை’ என்பது மூன்று இடங்களில் வருகிறது. தண்ணீர் என்ற சொல் ஒரே ஒரு தடவை, அதுவும் காலத்துக்கு உவமையாக. அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. யாராவது கேட்டிருந்தால் இலக்கியம் தெரியாதவர் என்று நினைத்திருப்பேன்.

கேள்வி எழுந்தது 2024 ஏப்ரலில், வேலூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

2023 டிசம்பரில் சென்னையில் ஒரு மீன் கடையில் அதைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு உடம்பு, கழுத்தின் இரண்டு பக்கமும் மும்மூன்றாகச் செந்நிறச் செவுள்கள், சிறு குழந்தையின் விரல்கள் மாதிரி விரல்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லை. கதையைப் படித்தவன் அதை வாங்காமல் வருவது கடினம் என்று அப்போது பட்டது. இப்போது யோசித்தால், கதையைப் பற்றி எழுதியவன் என்பதுதான் காரணம். எழுதியதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கடைக்காரர், “வெயில் காலத்துல கொஞ்சம் ஐஸ் போட்டுக்குங்க சார், போதும்” என்றார். இருக்கவேண்டிய தாள்களைத் தேடிப்பிடித்து, 2024-ல் வந்த விதிகளின்படி வனத்துறையின் தளத்தில் பதிவும் செய்தேன். படிவம் நிரப்புவதில் எனக்குக் குறை வராது. அது ஒன்றுதான் வங்கி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

டிசம்பர், ஜனவரியில் ஒரு பிரச்னையும் இல்லை. வேலூரில் அப்போது இரவு குளிரும். தொட்டித் தண்ணீர் 21, 22 என்று நின்றது. அம்மா முதல் நாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “சிரிக்குதேடா” என்றாள். வாய் அப்படி வளைந்திருக்கிறது. அன்றிலிருந்து அதற்குச் சிரிப்பு என்றே பெயர். நான் பெயர் வைக்க மறுத்திருந்தேன். பெயர் வைத்தால் அன்னியத்தன்மை போய்விடும் என்று ஏதோ ஒரு கொள்கை.

இந்தப் பிராணியின் ஊர் மெக்ஸிகோ நகரத்தின் தெற்கே இருக்கும் ஸோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். பழைய ஏரிகளை வடித்தபின் மிஞ்சிய வாய்க்கால்கள்தான் இன்று அதன் உலகம். வெயில் உண்டு, ஆனால் மலைமேல் வெயில், இரவில் தணிந்துவிடும். 16லிருந்து 18 டிகிரி வரை அதற்குச் சுகம். 20 பரவாயில்லை. 24ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. அந்த வாய்க்கால்களிலேயே அது இப்போது அநேகமாக இல்லை. 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6000 என்று கணக்கிட்டார்கள், 2014-ல் 36. வளர்ப்பதற்காக விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளைத் தின்றன, நகரத்துச் சாக்கடை மீதியைப் பார்த்துக்கொண்டது. 2021-ல் மெக்ஸிகோ தன் 50 பெஸோ நோட்டில் இதன் படத்தை அச்சிட்டது. அழியப்போவதை நோட்டில் அடிப்பது எல்லா தேசத்திலும் இருக்கும் பழக்கம் போலும். நோட்டு எண்ணுகிறவனுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் வேறு வழி வந்தவை. 1864-ல் பாரிஸுக்கு 34 உயிர்கள் போய்ச் சேர்ந்தன, அவற்றில் ஒன்று வெள்ளை ஆண். தாவரத் தோட்டத்தில் த்யுமெரில் என்ற விஞ்ஞானி ஆறை வாங்கி வைத்து இனவிருத்தி செய்தார். கொர்த்தஸாரின் ஆள் போய் நின்ற அதே தோட்டம். என் தொட்டியில் இருந்த வெளிர் நிறம் அந்த வெள்ளை ஆணிடமிருந்து வந்ததாக இருக்கலாம். த்யுமெரிலின் குஞ்சுகளில் சில செவுள் உதிர்ந்து, தரையேறி, வேறு பிராணி மாதிரி ஆகிவிட்டன. அதுவரை இது ஒரு பெரிய பிராணியின் குழந்தைப் பருவம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. குழந்தையாகவே இருந்து குழந்தை பெறும் பிராணி. என் கட்டுரையில் இது ‘முதிர்ச்சியின் மறுப்பு’ என்று இருக்கிறது. மறுப்பு ஒன்றுமில்லை. தைராய்டு சுரப்பு போதாமை. 1920-ல் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டுத் தைராய்டைத் தின்னக்கொடுத்தார், அவை தரையேறின.

இதையெல்லாம் நான் மார்ச்சில் படித்தேன். அதாவது தண்ணீர் 27ஐத் தொட்ட பிறகு.

வெப்பம் அதை எப்படிக் கொல்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. 16 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9.9 மில்லிகிராம் கரையும், 30-ல் 7.5. ஆனால் சூட்டில் உடம்புக்கு அதிகம் வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷம் சூட்டில் கூடும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். முதலில் செவுள்கள் முன்பக்கமாக வளையும், வால்நுனி கொக்கி மாதிரி மடங்கும், பிறகு சாப்பிடாது, பிறகு மிதக்கும். சிரிப்பு மட்டும் மாறாது. இதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. வலியிலும் அதே முகம். பார்வையைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவனுக்கு அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. வால்நுனியைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. இமை இல்லாத கண்ணுக்குத் தேவை தத்துவம் இல்லை, நிழல். பாதிப் பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். பகல் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தது.

முதலில் மின்விசிறி. சின்ன விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக ஓடவிட்டால் ஆவியாகும், ஆவியாகும்போது தண்ணீர் குளிரும். பானைத் தண்ணீரின் ரகசியம் இதுதான். மூன்று நாலு டிகிரி இறங்கியது. தினமும் இரண்டு லிட்டர் வற்றியது. அதை அப்படியே குழாய்த் தண்ணீரால் ஈடுகட்டினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், குளோரினும் சேரும். நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே எந்த விசிறியும் தண்ணீரைக் கொண்டுபோகாது. ஏப்ரலில் எங்கள் கூடத்தில் அது 25-ல் நின்றது. என் தொட்டி 27-ல் நின்றது. பௌதிகம் கவிதை மாதிரி இல்லை, சலுகை தராது.

பிறகு பாட்டில்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடுவது. ஐஸை நேரே போட்டால் தண்ணீர் ஓரிடத்தில் சட்டென்று விழும், மற்ற இடத்தில் அப்படியே இருக்கும், அந்த ஏற்ற இறக்கமே நோய். நாலு பாட்டில் சுழற்சி. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு பதினொன்று. மதியப் பாட்டிலுக்காகக் கிளையிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு ஓடுவேன். கவுன்டரில் முதியோர் பென்ஷனுக்கு நிற்கும் கிழவிகள் திரும்பி வரும்வரை நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி, “வூட்ல யாருக்கு சாமி ஒடம்பு சரியில்ல?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மே முதல் வாரத்தில் வெயில் 42ஐத் தாண்டியது. ஒரு நாள் கிளையில் தணிக்கை, மதியம் வர முடியவில்லை. வீட்டில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. நான் வந்தபோது தண்ணீர் 30. சிரிப்பு ஒரு பக்கம் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

வளர்ப்பவர்கள் சொல்லும் கடைசி வழி குளிர்ப்பெட்டி. மூடிபோட்ட டப்பாவில் புதுத் தண்ணீரில் விட்டு, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது. அதையும் படிப்படியாக, ஒரே வீச்சில் அல்ல. ஐந்தாறு டிகிரியில் அதன் உடம்பு மெதுவாகிவிடும், பூஞ்சையும் மெதுவாகும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். நாட்டுவாதுமை இலையை ஊறவைத்த பழுப்புத் தண்ணீர் பூஞ்சைக்கு ஆகாது என்பார்கள். எதிர்வீட்டு மரத்திலிருந்து காய்ந்த இலை பொறுக்கினேன். தோசைமாவுப் பாத்திரத்துக்கும் தயிருக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் அது இருந்தது. அம்மா மாவை எடுக்கும்போதெல்லாம் டப்பாவைத் தொடாமல் எடுத்தாள். அருவருப்பு என்று நினைத்தேன். “தூங்குது, ஆட்டக் கூடாது” என்றாள் பிற்பாடு.

பஞ்சு உதிர்ந்தது. பதின்மூன்றாம் நாள் ஒரு மண்புழுவை நீட்டினேன், லபக்கென்று இழுத்துக்கொண்டது. அந்த வாரமே சென்னையில் ஒருவரிடம் பழைய சில்லர் ஒன்று வாங்கினேன். தண்ணீரைக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் இயந்திரம். என் சம்பளத்தில் பாதிக்குமேல் போயிற்று. தண்ணீர் 18-ல் நின்றது, அசையவில்லை. இரண்டு நாள் நான் வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொர்த்தஸாரின் ஆள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் கூடத்தின் வடகிழக்கு மூலை ஒன்றுதான். மேலே மொட்டைமாடி இல்லாத இடம் அது. அதனால்தான் தொட்டி அங்கே இருந்தது. அதனால்தான் அம்மாவின் கட்டிலும் அங்கே இருந்தது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூடு எங்கேயும் மறைவதில்லை. பின்பக்கமாக ஊதித் தள்ளுகிறது, தான் தின்கிற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து. ஜன்னல் வழியே வெளியே விட சுவரில் ஓட்டை போட வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கட்டிலில் அம்மா இல்லை. வாசல்படியில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்திருந்தாள்.

“ஏம்மா இங்க?”

“கால்மாட்டுல அடுப்பு வெச்ச மாதிரி இருக்குதுடா.”

“சொல்லக் கூடாதா?”

“அது பொழச்சி வந்திருக்குது. இன்னும் ரெண்டு நாளு போவட்டும்னு பாத்தேன்.”

வீட்டில் ஏ.சி. போடுவது பற்றி இரண்டு வருஷமாகப் பேச்சு இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் நான் கேட்பேன். “எனக்கு என்னாத்துக்கு” என்பாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆக்சலாட்டில் “எனக்கு என்னாத்துக்கு” என்று சொல்லாது. அது சாய்ந்து மிதக்கும். ஒரு வாரத்தில் இயந்திரம் வந்துவிட்டது.

எங்கள் கிளையின் ஏடிஎம் அறையில் இருபத்திநாலு மணி நேரமும் குளிர். அது இயந்திரத்துக்காக. காவலாளியின் ஸ்டூல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெளிக்கருவியின் அனல்காற்று படும் இடத்தில் இருக்கிறது. பத்து வருஷமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். அது பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தால் நான் கட்டாயம் விமர்சனம் எழுதியிருப்பேன், காவலாளியை என்ன குறியீடு என்று.

ஊட்டியில் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருக்கும் நண்பர், கவிதை எழுதுகிறவர். (அதிகம் எழுதாதவர், அது அவருடைய நல்ல குணம்.) அவரிடம் போனில் சொன்னேன். ஊட்டியின் உயரமும் சுமார் 2240 மீட்டர். இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மறுபடி படிவங்கள். ஜூன் இரண்டாம் வாரம் தெர்மோகோல் பெட்டியில் நனைந்த துணிக்கு நடுவே ஐஸ் பாட்டிலுடன், இரவு பஸ்ஸில் கொண்டுபோனேன். மேட்டுப்பாளையத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன், 19. குன்னூர் தாண்டியபின் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

நண்பர் வீட்டில் இயந்திரம் எதுவும் இல்லை. வடக்கு ஜன்னலோரம் தொட்டி. தண்ணீர் 16. சிரிப்பு பூந்தொட்டிக்கு வெளியே வந்து தரையில் நாலு காலையும் ஊன்றி நின்றது. என் வீட்டில் அது இப்படிப் பகலில் வெளியே வந்ததில்லை. இமையற்ற பார்வையைப் பற்றி நண்பர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என் கட்டுரையை அவர் படித்திருக்கிறார். விளக்கை அணைக்கச் சொன்னேன்.

ஏ.சி. மறு வருஷம் பிப்ரவரியில் மாட்டியாகிவிட்டது. அம்மா பத்து மணிக்கு அணைத்துவிடுகிறாள். கரண்ட் பில். ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் பேசும்போது, “புழு துன்னுதான்னு கேளு” என்பாள் உள்ளேயிருந்து. சில்லர் பரண்மேல் கிடக்கிறது. வாங்க ஆள் கிடைக்கவில்லை.