மலைமுகட்டில் ஒரு செவி

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. ஸ்வானனோவா, வட கரோலினா.

ஹெலீன் புயல் ஓய்ந்து பதினைந்து நாட்கள் கழிந்தும் குழாயில் குடிக்கத்தக்க நீர் வரவில்லை. ஆயினும் இன்றுதான் எழுதுகோலை எடுக்கும் மனம் வந்தது. செப்டம்பர் 26 இரவு புளோரிடாக் கரையில் ஏறிய அப்புயல் மறுநாள் காலை இம்மலைநாட்டை அடைந்தபோது, அதற்கு முன்பே நனைந்து கனத்திருந்த மண் சரிவுகளில் இளகி இறங்கிற்று. மௌண்ட் மிட்செல் சிகரத்துக்கு அருகிலுள்ள பியூசிக்கில் அந்தச் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பெய்ததாகக் கணக்கு. மின்சாரம், தொலைபேசி, சாலை யாவும் ஒரே காலைப் பொழுதில் அற்றுப்போயின.

என் மகள் குடியிருப்பது ஃபேர்வியூவில். நேர்கோட்டில் அளந்தால் பத்து மைலுக்கும் குறைவு. ஆனால் இடையே ஸ்வானனோவா மலைத்தொடர் குறுக்கிட்டுக் கிடக்கிறது. அவளும் பேரனும் உயிரோடிருக்கிறார்கள் என்ற ஒரு வார்த்தைக்காக நானும் என் மனைவியும் நான்கு நாட்கள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை முழங்கால் சேற்றோடு வாசலில் வந்து நின்றபோதுதான் என் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த நான்கு நாட்களிலும் எங்களுக்கு வெளியுலகமாக இருந்தது அடுத்த வீட்டுப் பெரியவரின் கையடக்க ரேடியோ ஒன்றே. மௌண்ட் மிட்செல்லில் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ அன்பர்கள் அமைத்திருந்த, கேட்டதை உயரத்திலிருந்து திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் 145.190 மெகாஹெர்ட்ஸில் இடையறாது பேசிக்கொண்டிருந்தது. எந்தப் பாலம் போயிற்று, யாருக்குப் பிராணவாயு தேவை, எந்தப் பாதையில் வண்டி செல்லும் என்று முகமறியாத குரல்கள் ஒன்றையொன்று பொறுமையாக விசாரித்தன. 6,684 அடி உயரமுள்ள அச்சிகரம் மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே உள்ளவற்றில் யாவற்றினும் உயர்ந்தது. அவ்வளவு உயரத்தில் நிற்கும் செவிக்கு எட்டாத பள்ளத்தாக்கு இப்பக்கத்தில் அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் தொலைபேசி இலாகாவில் மைக்ரோவேவ் நிலையங்களைப் பேணி முப்பது வருஷங்கள் கழித்தவன் நான். என் குடும்பத்துக்கென்று ஒரு சிறு ரிப்பீட்டர் வைக்க எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க வேதனையாக இருந்தது.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை

லைசென்ஸ் வந்துவிட்டது. ஹாம் ரேடியோவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே பரீட்சை எழுத வேண்டும். என் மனைவியை அதற்கு உட்காரவைப்பது அசாத்தியம். ஜி.எம்.ஆர்.எஸ். என்று இங்கே வழங்கும் சொந்த உபயோக ரேடியோவுக்குப் பரீட்சை கிடையாது. 35 டாலர் கட்டணம், பத்து வருஷ அனுமதி, ஓர் அழைப்புக் குறி. அந்த ஒரே அனுமதியின்கீழ் யார் யார் பேசலாம் என்று சட்டம் வரிசைப்படுத்தியிருப்பதைப் படித்தபோது, நம் ஊர்க் கலியாணப் பத்திரிகையில் அழைப்பவர் பெயர்களைப் படிப்பது போன்றே இருந்தது. மனைவி, மக்கள், பேரன் பேத்திகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தார், அத்தை மாமன்மார், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், சம்பந்த வழியில் வந்தோர் அனைவருக்கும் அதில் இடம் உண்டு. தனிமனிதர்களின் தேசம் என்று நாம் கருதும் இந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இப்படியொரு கூட்டுக் குடும்பம் குடியிருப்பதைக் கண்டு நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

ரிப்பீட்டர்களுக்கென எட்டு ஜோடி அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கையிலுள்ள ரேடியோ 467 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். ரிப்பீட்டர் அதைக் கேட்டு, அதே கணத்தில், சரியாக 5 மெகாஹெர்ட்ஸ் கீழே 462 பக்கத்தில் திருப்பிச் சொல்லும். இரண்டு வாரம் காலையும் மாலையும் கேட்டிருந்து, இவ்வட்டாரத்தில் பிறர் புழங்காத ஜோடி ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். வானம் பொதுச்சொத்து; வாயைத் திறப்பதற்குமுன் காது கொடுப்பதுதான் முறை.

நவம்பர் 23, சனிக்கிழமை

இலைகள் யாவும் உதிர்ந்துவிட்டன. அடுத்த வீட்டுப் பெரியவருக்கு மேலே மலைமுகட்டில் பூர்விக நிலமும், அதில் பலகையாலான ஒரு பழைய தொழுவமும் இருக்கின்றன. இன்று அவரே எங்களை அழைத்துச் சென்றார். தொழுவத்தின் வடபுறம் நின்றால் ஸ்வானனோவாப் பள்ளத்தாக்கும், தென்புறம் நின்றால் ஃபேர்வியூவின் வயல்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்த அலையின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். இத்தகைய சிற்றலை மலையைச் சுற்றி வளைந்து போகாது, பார்வை செல்லும் வழியேதான் பெரும்பாலும் செல்லும். ஆகையால் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது என்று எங்கள் இலாகாவில் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்வோம். இடத்துக்கு வாடகை என்ன தரட்டும் என்றேன். "உங்கள் வீட்டு ரசம் மாதம் ஒரு முறை வந்தால் போதும்" என்றார் பெரியவர்.

டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை

பெட்டியை ஏற்றிவிட்டோம். 10 வாட் சக்தியுள்ள சிறு ரிப்பீட்டர், உள்ளேயே டூப்ளெக்ஸர், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி, கூரைமேல் 100 வாட் சோலார் பானல். சும்மா கேட்டிருக்கையில் 0.4 ஆம்பியர் குடிக்கிறது, பேசும்போது மூன்றரை. நாளைக்கு ஒரு மணி நேரம் பேசினாலும், சூரியன் முகம் காட்டாமலே ஏழு நாட்கள் தாங்கும் என்பது என் கணக்கு. நான்கு நாள் மௌனத்தை அனுபவித்தவனுக்கு ஏழு என்ற எண் ஆறுதலாக இருக்கிறது.

என்னுடைய குரல் மகளுக்கு ஸ்பஷ்டமாகக் கேட்டது. அவள் பதில் சொன்னாள். வந்ததோ "அப்" என்று ஒரு துண்டு, பிறகு நிசப்தம், பிறகு "கேக்" என்று ஒரு துண்டு. ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று முறை கதவைத் திறந்து திறந்து மூடுவது போல அவள் பேச்சு வெட்டுப்பட்டது. மாப்பிள்ளை சக்தி போதவில்லை என்று நினைத்து, 40 வாட் பெட்டி வாங்கலாமா என்றார். நான் வேண்டாமென்றேன். நம்முடைய பெட்டி அவளுக்கு நன்றாகவே கேட்கிறது. அவளைக் கேட்பதில்தான் அதற்குக் குறை. வாய் பெரிதாகவும் காது சிறிதாகவும் உள்ள ரிப்பீட்டரை ரேடியோக்காரர்கள் இங்கே முதலை என்று அழைப்பார்கள். என் பெட்டி முதலையாவதில் எனக்குச் சம்மதமில்லை.

டிசம்பர் 28, சனிக்கிழமை

ஒரு வாரமாக இதே சிந்தனை. ரிப்பீட்டரின் சங்கடத்தை இப்படிச் சொல்லலாம்: ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில், 10 வாட் வெளியே போகிறது, மகளின் குரலோ உள்ளே வரும்போது அதைவிட, ஒன்றுக்குப் பின் பதினைந்து பூஜ்யங்கள் இட்டு எழுத வேண்டிய மடங்கு, சிறியது. மேளக்காரர் தம் மேளத்தை ஓங்கி அடித்துக்கொண்டே, மண்டபத்தின் மறுகோடியில் குழந்தை முணுமுணுப்பதையும் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒப்பான காரியம் இது. அவ்விரண்டையும் பிரித்து வைப்பதே டூப்ளெக்ஸரின் தொழில். அந்தப் பிரிவினையில் சிறு கசிவு நேர்ந்தாலும், சன்னமான குரல் வந்து கதவைத் திறந்ததும் டிரான்ஸ்மிட்டர் எழும். அதன் இரைச்சல் காதை அடைக்கும். காது அடைபட்டதும் குரல் இல்லையென்று டிரான்ஸ்மிட்டர் ஓயும். ஓய்ந்ததும் குரல் மறுபடி கேட்கும். இந்தச் சக்கரம் சுழல்வதுதான் நாங்கள் கேட்ட வெட்டு.

கசிவு எங்கே என்பதல்லவா கேள்வி? ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் சக்தியை வெப்பமாக விழுங்கிவிடும் டம்மி லோடை மாட்டினேன். மாப்பிள்ளையைக் கையடக்க ரேடியோவுடன் சரிவில் இறங்கிக்கொண்டே எண்ணச் சொன்னேன். குரல் தேய்ந்து தேய்ந்து இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்து மறைந்ததே ஒழிய, ஒரு முறைகூட வெட்டவில்லை. ஆக, டூப்ளெக்ஸர் நிரபராதி. பெட்டியைத் தாண்டியே குற்றம்.

கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலுறையை அரை அங்குலம் சீவியபோது, உள்ளே அலுமினியத் தகடும் அதன்மேல் வெள்ளீயம் பூசிய செப்புப் பின்னலும் இருந்தன. பேசுவது மட்டும், அல்லது கேட்பது மட்டும் என்றால் இதைவிட நல்ல கேபிள் தேவையில்லை. இரண்டும் ஏககாலத்தில் நடக்கும்போதோ, ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் அந்த இருவகை உலோகங்களின் ஆயிரம் நுண்ணிய ஸ்பரிசங்களும் ஆளுக்கொரு பொறியாய் இரைச்சல் எழுப்பத் தொடங்குகின்றன. போதாக்குறைக்கு, பொருந்தாத முனைகளை இணைக்க நானே மூன்று அடாப்டர்களைக் கோத்திருந்தேன்.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. பொங்கல்.

வெளியுறை முழுவதும் ஒரே செப்புக் குழாயாய், மண்புழுவின் உடல்போல வளையம் வளையமாக உள்ள அரை அங்குலக் கேபிள் 40 அடி வாங்கி, அடாப்டர் ஒன்றுமில்லாமல் பொருத்தினோம். இதை ஐந்து அங்குல ஆரத்துக்குள் வளைத்தால் நசுங்கக்கூடும். பச்சைப்பிள்ளையைப் போலத்தான் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. பழையதற்கும் இதற்கும் இழப்பில் வித்தியாசம் அரை டெசிபெல்தான். வாங்குவதற்குமுன் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இது வீண்செலவென்றே சொல்வார். ஆனால் இன்று காலை என் மனைவி, பால் பொங்கியதும் கரண்டியும் கையுமாக ரேடியோவை எடுத்து "பொங்கலோ பொங்கல்" என்றாள். மலைக்கு அப்பாலிருந்து மகள், தன் சமையலறையில் நின்றபடியே, ஒரு வெட்டுமின்றி, "அம்மா, இங்கே இன்னும் பொங்கவில்லை" என்றாள்.

ஜனவரி 22, புதன்கிழமை

கடுங்குளிர். நீர் உறையும் நிலைக்குக் கீழே இவ்வகை லித்தியம் பாட்டரிக்கு மின்னேற்றினால் அதன் உட்புறம் கெட்டுவிடும். பாட்டரியைச் சுற்றி இரண்டங்குல நுரைப்பலகை வைத்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

ஒரு புதுத் தொந்தரவு. அமைதியான நாட்களில் யாவும் சுகம். காற்றடிக்கும் நாளில் மட்டும் பேச்சினூடே கடுகு வெடிப்பது போன்ற சப்தம். மின்சாரப் பிழைக்குக் காற்றோடு என்ன உறவு? இன்று பலத்த காற்று. ஒருவர் பேசிக்கொண்டேயிருக்க, நான் மூங்கில் கழியொன்றை எடுத்துத் தொழுவத்தைச் சுற்றி இரும்பு இருக்குமிடமெல்லாம் தட்டிக்கொண்டே வந்தேன். தகரக் கூரை, கேபிளின் பிடிகள், இடிதாங்கியின் கம்பி எதைத் தட்டியும் மாறுதலில்லை. கூரையின் கிழக்கு முகட்டில், என்றோ கழற்றப்பட்ட டெலிவிஷன் ஆன்டெனாவின் பழைய தாங்கியில் ஒரு கொக்கியும் அதில் நான்கு கண்ணிச் சங்கிலியும் தொங்கிக்கொண்டிருந்தன. கழி பட்டதும் காதில் கடுகு வெடித்தது.

சங்கிலியை இறக்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கண்ணி மற்றதைத் தொடுமிடத்தில் துரு பொருக்குத் தட்டி, அதன் நடுவே மட்டும் உராய்ந்து உராய்ந்து கடுகளவு இடம் வெள்ளி போல மின்னிற்று. எங்கள் 10 வாட்டின் அலை அந்த இரும்பில் பாய்ந்து, காற்று ஆட்டும்போதெல்லாம் அக்கடுகளவு இடத்தில் விட்டும் தொட்டும் பொறி கிளப்பி, பக்கத்திலேயே இருந்த எங்கள் செவியை நிரப்பியிருக்கிறது. தாங்கியை அறுத்தெறிந்தோம், கூரைத் தகடுகளைச் செப்புப் பட்டையால் ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தோம். வெடிப்பு நின்றது.

மே 11, ஞாயிற்றுக்கிழமை

ஓக்கும் பாப்லாரும் தழைத்துவிட்டன. குளிர்காலத்தில் பின்கட்டிலிருந்தே பேசிய மகள், இப்போது முற்றத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மழை நாளில் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக அலையை விழுங்குகின்றன. ஆன்டெனாவைக் கூரைக்கு மேல் பதினைந்து அடி உயர்த்தினோம். உயரம் இரட்டித்தால் கிடைக்கும் ஆதாயம், சக்தியை நான்கு மடங்காக்கினால் கிடைப்பதற்குச் சமம் என்பது எங்கள் தொழிலில் சுமாராகச் சொல்லும் கணக்கு. சக்தியைப் பெருக்கினால் வாய் மட்டும் வளரும். உயரம் வாயோடு காதையும் வளர்க்கும். மகள் மறுபடி பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பெரியவரும் தம் பெயரில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டார். ஒரே குடும்பத்தார் மட்டும் பேசி, அவரவரும் அழைப்புக் குறியை முறையாகச் சொல்லிவந்தவரை ரிப்பீட்டர் தன் குறியைத் தானே சொல்ல வேண்டியதில்லை. வேறொரு லைசென்ஸ்காரர் சேர்ந்ததும் அந்த விலக்கு போய்விடுகிறது. ஆகையால் பதினைந்து நிமிஷத்துக்கொரு முறை மோர்ஸ் ஒலியில் குறியைச் சொல்லும்படி பெட்டியை அமைத்தேன். என் பேரன் அந்த ஒலியை விசிலடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை

ஒரு வருஷம் நிறைந்தது. இரு வீட்டிலும் மாலை ஐந்து மணிக்கே மின்சாரத்தின் பிரதான விசையை இறக்கிவிட்டோம்; தொலைபேசிகளையும் அணைத்து அலமாரியில் வைத்தோம். இப்படியொரு ஒத்திகை வேண்டுமென்றது என் மனைவி. ஏழு மணிக்கு அகல்விளக்கொளியில் ரேடியோவை எடுத்து, அழைப்புக் குறியை ஒரெழுத்தும் பிசகாமல் சொல்லி, "எல்லாரும் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டாள். பேரன்தான் பதில் சொன்னான். "தயிர் சாதம், பாட்டி." பிறகு பெரியவரின் குரல் நடுவே புகுந்து, இம்மாத ரசம் இன்னும் வரவில்லை என்று நினைவூட்டியது.

பாட்டரி 13.2 வோல்ட். கேபிள் இணைப்பில் சுற்றிய நாடாவின் ஒரு முனை வெயிலில் பிரிந்திருக்கிறது. ஒரு சுருள் வாங்க வேண்டும். தொழுவத்து ஏணியில் மேலிருந்து இரண்டாம் படி ஆடுகிறது. குளிர் வருமுன் மாப்பிள்ளையிடம் சொல்லி மாற்ற வேண்டும்.