அல் குசைஸ் ஒர்க்‌ஷாப்பும் அஞ்சு லிட்டர் எண்ணெயும்

துபாய்க்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அதில் ஒன்பது வருஷம் அல் குசைஸ்தான். இங்கே தெருக்களுக்கெல்லாம் அரபு நகரங்களின் பேர். டமாஸ்கஸ் தெருவில் மளிகை வாங்கி, பெய்ரூத் தெருவில் டிராஃபிக்கில் நின்னு, பாக்தாத் தெரு வழியா வீட்டுக்கு வரலாம். ஒரே சாயங்காலத்தில் பாதி அரபு உலகம் சுத்தியாச்சு! 2011-ல் கிரீன் லைன் மெட்ரோ வந்த பிறகும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஷார்ஜா பக்கம் போகிற வண்டிகளின் வரிசை மட்டும் குறையவே இல்லை.

குடியிருப்புகளைத் தாண்டி உள்ளே போனால் இண்டஸ்ட்ரியல் ஏரியா. பெரும்பாலான குடும்பங்கள் அந்தப் பக்கம் போவது வருஷத்துக்கு ஒரு தடவை, முல்கியா புதுப்பிக்க வண்டியை டெஸ்ட்டுக்குக் கொண்டு போகும்போதுதான். நானும் அப்படித்தான் இருந்தேன், போன மே மாசம் வரைக்கும்.

என் வண்டி 2002 மாடல் லெக்சஸ் ஐஎஸ்300. ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர், என் பழைய ரூம்மேட், 2020-ல் கணக்கு முடிச்சு ஊருக்குப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்துட்டுப் போனது. "வித்துராதடா, ஓட்டு" என்று மட்டும் சொன்னார். இப்பவும் போன் பண்ணினால் முதல்ல குழந்தையை விசாரிப்பார், அடுத்தது வண்டியை.

கார் பிரியர்களுக்கு அதன் எஞ்சின் பேரைச் சொன்னால் போதும்: 2ஜேஜெட். மூணு லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக். இதே குடும்பத்து டர்போ எஞ்சின்தான் 1993-ல் வந்த டொயோட்டா சுப்ராவில் இருந்தது. என்னுடையதில் டர்போ கிடையாது. ஆனாலும் அந்த இழுவையும் சத்தமும் தனி.

அப்படிப்பட்ட எஞ்சினை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது: எண்ணெய் மாத்த வேண்டிய கிலோமீட்டர் தாண்டி ரெண்டு மடங்கு ஓட்டினேன். எந்தக் கடை கண்ணில் பட்டதோ அங்கே எது மலிவோ அதை ஊத்தினேன். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தது கிடையாது. மே மாசம் ஒரு ராத்திரி, ஷேக் முகமது பின் சாயித் ரோட்டில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கிச்சு. அடுத்த எக்ஸிட் வருவதற்குள் அடியில் இருந்து 'டக் டக் டக்' சத்தம். கனெக்டிங் ராடு பேரிங் போயிடுச்சு.

மெக்கானிக் அண்ணன் கோவில்பட்டிக்காரர். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் மூணு வண்டி நிற்கிற அளவு சின்ன ஒர்க்‌ஷாப். பிரிச்சுப் பார்த்துட்டு பேரிங்கை என் உள்ளங்கையில் வெச்சார். வெள்ளியா இருக்க வேண்டியது செம்பு நிறத்தில் உரிஞ்சு கிடந்தது. "எஞ்சின் சாகல தம்பி, நீங்க பட்டினி போட்டுட்டீய" என்றார்.

கிராங்கைப் பாலிஷ் பண்ணி, புது பேரிங், புது பிஸ்டன் ரிங், சிலிண்டருக்கு ஹோனிங் எல்லாம் சேர்த்து பதினோராயிரம் திர்ஹம் ஆகும் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பணம் ஏற்கெனவே எடுத்து வெச்சிருந்தோம், ஆனால் வேற செலவுக்கு. ஜூலையில் ஸ்கூல் லீவு விட்டதும் ஊருக்குப் போற டிக்கெட்டுக்கு. காரைக்குடியில் அம்மா பேத்தியைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் மனைவி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம், "வண்டி இல்லாம இங்க ஓட்டவும் முடியாது. பண்ணுங்க. ஆனா இது ஒரே தடவைதான்" என்றாள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அதனால என்னப்பா, அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

அதனால்தான் எண்ணெய் விஷயத்தில் இந்தத் தடவை விளையாட முடியவில்லை.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "20டபிள்யூ-50 ஊத்துங்க. இந்த வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் நிக்கும்." கம்பெனி புத்தகமோ 5டபிள்யூ-30 என்றது. நான் சாஃப்ட்வேர் ஆள், விடுவேனா? ராத்திரி குழந்தை தூங்கினதும் எக்செல் ஷீட் போட்டு உட்கார்ந்தேன். படித்ததில் உங்களுக்கும் உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

முதல்ல அந்த 'டபிள்யூ'. அது விண்டர், அதாவது குளிர்காலம். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25-லும், 20டபிள்யூ என்றால் மைனஸ் 15-லும் எஞ்சினைச் சுத்தவிட முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். துபாயில் எங்கே மைனஸ்? அப்போ முதல் எண் நமக்குத் தேவையில்லை என்றுதான் நானும் நினைச்சேன். அது முழுசா சரியில்லை. 40 டிகிரியில், அதாவது நம்ம ஆகஸ்ட் மாசத்து பார்க்கிங் சூட்டில்கூட, 20டபிள்யூ-50 எண்ணெய் 5டபிள்யூ-40-ஐவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கு கெட்டி. ஸ்டார்ட் பண்ணினதும் கேம் ஷாஃப்ட் வரைக்கும் எண்ணெய் சீக்கிரம் ஏறணும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த முதல் நொடிகளில்தான்.

இரண்டாவது எண், எஞ்சின் நல்லா சூடானபிறகு உள்ள கெட்டித்தன்மை. 100 டிகிரியில் அளக்கிறார்கள். வெளியே 45 டிகிரி அடித்தாலும் எஞ்சின் தண்ணியை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால் 'பாலைவனம், ஆகவே கெட்டி எண்ணெய்' என்ற கணக்கு அவ்வளவு நேரானது இல்லை. ஆனால் ஏசி போட்டு, அல் நஹ்தா சிக்னலில் இருபது நிமிஷம் ஊர்ந்தால் எண்ணெய் சூடு ஏறத்தான் செய்யும். அண்ணன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கு.

மூணாவது, டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கிற விஷயம். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும்போது எண்ணெய்ப் படலம் எவ்வளவு தாங்கும் என்று ஒரு அளவு உண்டு. 30 கிரேடுக்கு அது குறைந்தது 2.9 இருந்தால் போதும். 10டபிள்யூ-40-க்கு 3.5 வேணும். ஐரோப்பிய ஏசிஇஏ ஏ3/பி4 முத்திரை இருந்தாலும் 3.5-க்குக் குறையாது என்று அர்த்தம்.

நாலாவது, துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து. பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில் இருந்து, மெல்லிய கிரேடு எண்ணெய்களில் பாஸ்பரஸுக்குப் பத்து லட்சத்தில் 800 பங்கு என்று உச்சவரம்பு வெச்சாங்க. என் எஞ்சினில் கேம் நேராக டாப்பெட் மேல் உரசுது. பழைய அமெரிக்க வி8 அளவுக்கு மோசமான உரசல் இல்லை. ஆனாலும் புது ரிங் பழகுகிற வரைக்கும் அந்த மருந்து கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது.

இவ்வளவையும் அச்சடிச்சு எடுத்துக்கிட்டு ஒர்க்‌ஷாப் போனேன். பக்கத்து கஃபட்டேரியாவில் ரெண்டு கரக் சொல்லிட்டு அண்ணன் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்தார். பேரிங் மாட்டும்போது பிளாஸ்டிகேஜ் என்கிற மெழுகு நூலை வெச்சு, நசுங்கின அகலத்தைப் பார்த்து இடைவெளியை அளந்து எழுதி வெச்சிருந்தார். மெயின் பேரிங் எல்லாம் 0.05 மில்லிமீட்டரை ஒட்டி.

"உங்க பேப்பர்ல இது எங்க இருக்கு தம்பி?" என்றார்.

இல்லை. எல்லாத்துக்கும் அடிப்படையான அந்த எண் என் ஷீட்டில் இல்லவே இல்லை. இடைவெளி கூடினால் எண்ணெய் ஓரமாக வழிஞ்சு போகும், படலம் நிற்க கெட்டி எண்ணெய் வேணும். இடைவெளி இறுக்கமாக இருக்கும்போது கெட்டி எண்ணெய் ஊத்தினால் பம்ப் திணறும், ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் கீழேயே திரும்பும். கேஜில் அழுத்தம் ஜோராகக் காட்டும், பேரிங்குக்குப் போகிற அளவு குறையும். பொதுவான கணக்கு, கிராங்க் தண்டின் விட்டம் ஒரு இஞ்சுக்கு ஆயிரத்தில் ஒரு இஞ்ச் இடைவெளி. என் மெயின் ஜர்னல் 62 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டரை இஞ்ச். அதற்கு 0.06 வரைக்கும் போகலாம். 0.05 என்றால் ரொம்பத் தளர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை.

"அப்ப அம்பது வேண்டாமா?" என்றேன்.

"மொதல்ல நாப்பது ஊத்துவோம். மீட்டர் மாட்டுதேன். அது சொல்லும்."

முதலில் சாதாரண மினரல் 10டபிள்யூ-40. வழுவழு சிந்தெடிக் வேண்டாம், புது ரிங் சிலிண்டர் சுவரில் உரசிப் படியணும் என்றார். சும்மா நிறுத்தி வெச்சு ஐடிலில் ஓட்டக் கூடாது, சுமை கொடுத்து ஓட்டணும். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஷார்ஜா, அஜ்மான் தாண்டி உம் அல் குவைன் வரை போனேன். வலது ஓர லேனில் கொஞ்சம் மிதிச்சு, விட்டு, மறுபடி மிதிச்சு, மறுபடி விட்டு. பக்கத்தில் போன வேன் டிரைவர் எனக்குத் தூக்கம் என்று நினைச்சு ஹாரன் அடிச்சார். திரும்பி வந்ததும் எண்ணெயை வடிச்சோம். தீபாவளி மத்தாப்பு மாதிரி பொடி மினுக்கல். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. "இது ரிங் படியற தூள். மொத தடவை வரத்தான் செய்யும். ரெண்டாவது தடவை வந்தாத்தான் பயப்படணும்" என்றார். ஐநூறாவது கிலோமீட்டரில் மறுபடி மாத்தினோம். மினுக்கல் பெயருக்குத்தான் இருந்தது.

ஆயிரத்து ஐநூறு தாண்டினதும் முழு சிந்தெடிக் 10டபிள்யூ-40. 5டபிள்யூ-40 ஏன் இல்லை? முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் தூரம் கூடக்கூட, அதைச் சமாளிக்கக் கலக்கிற பாலிமர் பொதுவாகக் கூடும். அது நாளாக நாளாக நசுங்கி எண்ணெய் மெலியும். மைனஸ் 30 வராத ஊரில் அந்தக் கூடுதல் தூரத்தை நான் விட்டுக்கொடுக்கலாம். 10டபிள்யூ, அண்ணனுடைய 20-க்கும் புத்தகத்தின் 5-க்கும் நடுவில் நியாயமாகப் பட்டது.

உண்மையான பரீட்சை ஆகஸ்ட் கடைசியில். சாயங்காலம் ஆறரை, ஏசி ஃபுல், முன்னாடி ஷார்ஜா வரை சிவப்பு விளக்குகள். அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, 700 ஆர்பிஎம் ஐடிலில் மீட்டர் 18 காட்டிச்சு. ரோடு விட்டதும் 3,000-ல் 45. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதைவிட மேலேயே இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "அம்பது வேண்டாம் தம்பி" என்று ஒரு வரி பதில் வந்தது.

இதில் இருந்து உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பிரிக்காத எஞ்சின் என்றால் கம்பெனி புத்தகத்தையே கேளுங்க. பிரிச்சு கட்டினது என்றால், கட்டினவரிடம் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்க. எழுதி வெச்சிருக்கிறவர்தான் நல்ல மெக்கானிக். அழுத்த மீட்டர் ஒன்று மாட்டிடுங்க. வடிச்ச எண்ணெயைச் சாக்கடையில் ஊத்தாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்க. எல்லாத்தையும் விட, எந்த எண்ணெய் என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறது முக்கியம். என் பழைய எஞ்சினைக் கெடுத்தது தப்பான கிரேடு இல்லை, என் சோம்பேறித்தனம்.

போன மாசம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஆச்சு. அண்ணன் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரிச்சுக் காட்டினார். சுத்தமான கறுப்பு. ஒரு மினுக்கல் இல்லை. ராமநாதபுரத்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு அதையே காட்டினேன். அவர் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை, "ஸ்டார்ட் பண்ணு, சத்தம் கேக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மனைவி கேட்டாள், "எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஜூலை டிக்கெட் இப்பவே போட்டுருவோம். உங்க வண்டி மறுபடி டக் டக்னு சொல்றதுக்குள்ள."

போட்டாச்சு. மூணு டிக்கெட். அம்மா இப்பவே முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துட்டாங்களாம்.