மணி பிளான்ட் வெச்ச சதுர பாட்டில்

எங்க வீட்டு ஹால்ல ரொம்ப வருஷமா ஒரு மணி பிளான்ட் இருக்கு. அது வளர்றது ஜானி வாக்கர் பாட்டில்ல. துபாய்ல இருந்த சித்தப்பா கொண்டு வந்தது. உள்ள இருந்த சரக்கு யார் வயித்துக்குப் போச்சுன்னு மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அப்பாவைக் கேட்டா பேப்பரை இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடிச்சுக்குவார்.

ஆன்சைட்டுக்கு கிளாஸ்கோ வந்தப்புறம்தான் அந்த பாட்டிலோட சொந்த ஊரான கில்மார்னக் பக்கத்துலயே இருக்குன்னு தெரிஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை ரயில் ஏறிட்டேன். "சிங்கிள் மால்ட் கிடைக்கிற ஊர்ல வந்து கலப்படத்தைத் தேடிப் போறியே மச்சி"ன்னு ரூம்மேட் நக்கல்.

கலப்படமா? 1820ல கில்மார்னக்ல மளிகைக் கடை போட்ட ஜான் வாக்கருக்கு அப்ப பதினாலு பதினஞ்சு வயசுதான் இருக்கும். முளைகட்டின பார்லியை செம்புப் பாத்திரத்துல காய்ச்சி எடுக்கிற மால்ட் விஸ்கி அந்தக் காலத்துல பீப்பாய்க்கு பீப்பாய் மாறும். இந்த மாசம் நல்லா இருக்கும், அடுத்த மாசம் தொண்டையை அறுக்கும். கடைக்காரர்தான் திட்டு வாங்கணும். அயர்லாந்துல கலால் அதிகாரியா இருந்த ஈனியஸ் காஃபி (ஆமா, சாராயம் புடிச்சவரேதான்!) 1830ல நிக்காம ஓடுற காய்ச்சும் மெஷினுக்கு காப்புரிமை வாங்கினார். அதுல வர்ற கிரெய்ன் விஸ்கி மெலிசு, விலையும் கம்மி. வரி கட்டுறதுக்கு முன்னாடியே கிடங்குல வெச்சு ரெண்டையும் கலக்கலாம்னு 1860ல சட்டம் வந்துச்சு. ஜானோட பையன் அலெக்சாண்டர் அதைப் பிடிச்சு உலகம் பூரா கொண்டு போனார். சதுர பாட்டிலும் அவர் காலத்து வேலைதான். கப்பல்ல நெருக்கி அடுக்கலாம், உடையறதும் கம்மி.

எனக்கு ஆச்சரியம் பிளெண்டர் வேலைதான். குடிக்கிறதை விட மோந்து பாக்கிறதுதான் அதிகம். தண்ணி கலந்து இருபது சதவீதத்துக்கு இறக்கி மூக்குல வெச்சுப் பாக்கறாங்க. ஒவ்வொரு ஓக் பீப்பாயும் ஒவ்வொரு மாதிரி. வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாவே போயிடும். லேபிள்ல 12 வருஷம்னா, உள்ள இருக்கிறதுலயே கடைக்குட்டிக்கு 12 வயசு. நாளைக்கு ஏதோ ஒரு டிஸ்டிலரியை மூடிட்டாலும் பாட்டில் ருசி மாறக்கூடாது. இன்புட் எல்லாம் மாறும், அவுட்புட் அப்படியே வரணும். நம்ம ஆளுங்களுக்கு இந்த வலி புரியும்.

அந்தத் திறமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எந்த இடம் இல்லாட்டியும் சமாளிக்கலாம், கில்மார்னக்கே இல்லாட்டியும். 2009ல டியாஜியோ கம்பெனி அங்க இருந்த பாட்டிலிங் ஆலையை மூடப்போறதா அறிவிச்சுது. சுமார் 700 பேர் வேலை. ஊரே திரண்டு 20,000 பேர் ஊர்வலம் போனாங்க. 2012ல மூடியே மூடிட்டாங்க. ருசி மாறல. நான் போனப்ப அந்த இடத்துல ஒரு காலேஜ் நிக்குது. வாசல்ல ரெண்டு பசங்க சிப்ஸ் சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்.

ஸ்டேஷன்ல இருந்து அப்பாவுக்கு போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

"மில்லை மூடினப்ப நாங்களும் ஊர்வலம் போனோம்டா. நீ மூணாப்பு படிச்சிட்டிருந்த."

"தெரியும்ப்பா."

"அன்னிக்கு ராத்திரிதான் நானும் உங்க சித்தப்பனும் அதை உடைச்சோம். அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாத."