டக் பிரித்த கோடு

காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் போய் "மீட்டர் என்ன விலை?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். இங்கே எல்லாம் கிலோ கணக்கு. துணியைச் சுருட்டித் தராசில் வைக்கிறார், எண் ஓடி நிற்பதற்குள் விலையைச் சொல்லிவிடுகிறார். திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஏற்றுமதிக்கு வெட்டியதில் மிஞ்சியது, சாயம் ஒரு பிடி கூடிப்போனது, ரோலின் கடைசித் துண்டு எல்லாம் இங்கே வந்து குவிகின்றன. நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் வாரச் சம்பளம் வாங்கிய பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

என் ஆறு வயது மகளுக்கு வீட்டில் போட இரண்டு சட்டை தைக்க வேண்டும். மெத்தென்ற பனியன் துணி வேண்டும் என்பது மட்டும் தெரியும். குவியலில் இருந்து மஞ்சள் நிறத்தில் ஒன்றை உருவினேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் கேட்காமலே அதை என் கையிலிருந்து வாங்கினார். ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துவிட்டார். துணி உடனே குழல் போலச் சுருண்டுகொண்டது.

"பாத்தீங்களா கண்ணு, சுருண்டுக்குச்சு. இது சிங்கிள் ஜெர்சி. வீட்டு மெஷின்ல இதை வெச்சு ஓரம் அடிக்கறதுக்குள்ள உங்களுக்கு அழுகை வந்துரும்."

குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். அதையும் இழுத்தார். சுருளவில்லை. திருப்பிக் காட்டினார், இரண்டு பக்கமும் ஒரே முகம். "இது இன்டர்லாக். பச்சப் புள்ளைக்கும் இதைத்தான் போடுவாங்க" என்றார். அவரும் துணி எடுக்கத்தான் வந்திருந்தார், மூன்று வயதுப் பேத்திக்கு. தேனிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இந்த ஊரின் 'ங்க'வும் ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த ஊரின் இழுப்பும் போகவில்லை. ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாரத்தில் ஆறு நாளும் மெஷின் முன்னால் உட்காருகிறவர் ஏழாம் நாளும் தைக்கத் துணி வாங்குகிறார் என்பது என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. "வீடு பக்கந்தான், டீ குடிச்சிட்டுப் போலாம் வாங்க" என்றார். போனேன்.

போகிற வழியில் "உங்ககிட்ட என்ன மெஷின்?" என்று கேட்டார். அம்மாவின் பழைய மிதி மெஷின் என்றேன். கறுப்பு உடம்பு, தங்க எழுத்து, கீழே இரும்புக் கால், தோல் பெல்ட்.

அம்மா எங்கள் ஊர் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தரும் இலவசச் சீருடையைத் தைப்பது இந்தச் சங்கங்களின் பெண்கள்தான். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். ஒரு கட்டு முழுக்க நீலப் பாவாடை, இன்னொரு கட்டு முழுக்கக் காக்கி டவுசர். அந்தக் கட்டுகளின் மேல் ஏறிப் படுத்துத்தான் நான் வளர்ந்தேன். யாருடைய பாவாடை, யாருடைய டவுசர் என்று அம்மாவுக்குத் தெரியாது, அளவு நம்பர் மட்டும் தெரியும். கட்டு முடிந்த இரவுகளில் எனக்குத் தைப்பார். அப்போது மிதிக்கிற சத்தமே வேறாக இருக்கும். பகலில் ஒரே ஓட்டமாக ஓடும் மெஷின் இரவில் நின்று நின்று ஓடும். நடுவில் என்னைக் கூப்பிட்டு முதுகில் துணியை வைத்துப் பார்ப்பார், மறுபடி மிதிப்பார். நான் அந்தச் சத்தத்தில் தூங்கிப்போவேன்.

அந்த மெஷின் இப்போது என் வீட்டில். நான் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். மாலையில் வீடு திரும்பும்போது தலைக்குள் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் தூங்கியபின் அரைமணியோ முக்கால் மணியோ மெஷினில் உட்கார்ந்தால் அந்த ஓட்டம் தானாக அடங்குகிறது. இரண்டு கையும் துணியில் இருந்தாக வேண்டும், கைப்பேசியைத் தொட முடியாது. பார்வை ஊசிக்குக் கால் இஞ்ச் முன்னால் துணியில் நிற்க வேண்டும். கால் ஒரே சீராக மிதிக்காவிட்டால் சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துபோகும். உடம்பு முழுக்க ஒரு சின்ன வேலைக்குள் அடங்கிவிடும்போது மனசுக்கு அலைய இடமில்லை. ஒரு கழுத்துப் பட்டி வைத்து முடிப்பதற்குள் மூச்சு நிதானமாகிவிடுவதைப் பல இரவுகள் கவனித்திருக்கிறேன்.

தையல் மெஷினைப் பற்றிப் பழைய உரையாடல் ஒன்று உண்டு. 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். காந்தி விலக்குக் கொடுத்தது தையல் மெஷினுக்கு. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்ந்ததைப் பார்த்த சிங்கர் அவள்மேல் வைத்த அன்பினால் செய்தது அது என்பது அவர் சொன்ன காரணம். அந்த மெஷினைச் செய்யவும் தொழிற்சாலை வேண்டுமே என்று மாணவர் விடாமல் கேட்டார். வேண்டும்தான், ஆனால் அது லாபத்துக்காக ஓடக்கூடாது, உழைப்பவர் மனம் ஒப்பும் நிலையில் நடக்க வேண்டும் என்றார் காந்தி. அக்காவோடு திருப்பூர்த் தெருவில் நடக்கும்போது அந்த இரண்டாவது பதில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அக்காவின் வீடு லைன் வீடு. எட்டு வீட்டுக்கு ஒரு தண்ணித் தொட்டி. முன்னறையில் ஜன்னலோரமாக மெஷின், அதுவும் மிதி மெஷின்தான். மோட்டார் மாட்டலாமே என்று கேட்டேன்.

"மகன் வாங்கியாந்து குடுத்தான், வேண்டாம்னுட்டேன். மோட்டார் சத்தம் கேட்டாலே பின்னாடி சூப்பர்வைசர் நிக்கிற மாதிரியே இருக்கும். வீட்லயும் அதைக் கேக்கணுமா?"

கம்பெனியின் ஓவர்லாக் மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் ஓடும். ஒரு டி-சர்ட் அங்கே ஒருவர் கையில் உருவாவதில்லை. ஒருவர் தோளை இணைக்க, அடுத்தவர் கழுத்துக்கு ரிப் ஏற்ற, இன்னொருவர் கையை ஏற்ற, அக்கா சைடு அடிக்கிறார். அதன்பின் ஃபிளாட்லாக்கில் கீழ்மடிப்பு, பிறகு பிசிறு வெட்டுகிறவர், செக்கிங், அயர்ன், பேக்கிங். டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் உதவியாளுக்குக் கைமடி என்று பெயர். அக்கா இந்த ஊரில் முதலில் சேர்ந்தது கைமடியாகத்தான். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும்.

"சைடு, சைடு, சைடுதான். கழுத்தை யாரு அடிக்கறா, கையை யாரு ஏத்தறா, ஒண்ணும் தெரியாது. அந்தச் சட்டை முழுசாகி நான் பாத்ததில்ல. பேத்திக்குத் தைக்கிறப்ப மட்டுந்தான் கழுத்துலருந்து அடிமடிப்பு வரைக்கும் நானே."

சொல்லிக்கொண்டே பேத்தியின் பழைய பனியன் ஒன்றை நடுவில் மடித்து நாளிதழின் மேல் விரித்தார். சாக்பீஸை எடுக்கவே இல்லை, பேனாவால் சுற்றிலும் கோடு போட்டார். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை இஞ்ச். நீளத்தில் கூடுதலாக ஒன்றரை இஞ்ச், கைக்குழியில் கொஞ்சம் ஆழம். கழுத்தை மட்டும் ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. "வளரும்னு எல்லாரும் கழுத்தையும் பெருசா வெட்டிருவாங்க. அப்புறம் தோள் நழுவி நழுவி விழும், புள்ள ஒரு கையால சட்டையப் புடிச்சுக்கிட்டே வெளையாடும்."

எனக்குக் கழுத்தில் வேறு கதை உண்டு. மகளுக்கு ஒரு வயதில் நான் தைத்த முதல் பனியன், தலையை நுழைக்கும்போது கழுத்தில் படபடவென்று நூல் அறுந்து பிளந்துகொண்டது. அவள் வீறிட்டாள். மார்பளவு சரியாக இருந்தும் ஏன் என்று அப்போது புரியவில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் தலையின் சுற்றளவும் மார்பின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. மார்புக்குச் சரியாக இருக்கிற சட்டை தலைக்கு வழி விட வேண்டும். திருப்பூரில் கைக்குழந்தைப் பனியன்களில் தோளின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது அதனால்தான், இழுத்தால் கழுத்து அகலமாகத் திறந்துகொள்ளும். அக்காவிடம் சொன்னபோது, நான் பாதிதான் கண்டுபிடித்திருக்கிறேன் என்றார். மிச்சப் பாதி தையலில் இருந்தது. வீட்டு மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. உறுதியான பூட்டு, ஆனால் இழுபடாது. துணி இழுபடும்போது நூல்தான் அறும். ஓவர்லாக்கில் நூல்கள் வளையம் வளையமாகப் பின்னிக்கொள்வதால் துணியோடு சேர்ந்து நீளும்.

"நம்ம மெஷின்ல என்ன பண்றது?" என்றேன்.

நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தினார். பின்னாலிருந்து என் இரண்டு கையின் மேலும் தன் கையை வைத்து, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக விரித்துப் பிடிக்கச் செய்தார். "மிதிங்க. இழுக்காதீங்க, விரிச்சாப் போதும். ஊசி போற போக்குல போவட்டும்." துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தோம். நூல் நின்றது. ஊசியைக் கழற்றி என் விரலில் அதன் முனையைத் தொட வைத்தார். குத்தவில்லை. பனியன் துணிக்கான ஊசிக்கு முனை உருண்டை, இழைகளை விலக்கிவிட்டு இடையில் போகும். கூர்முனை ஊசி இழையையே அறுத்துவிடும், அந்த ஓட்டை துவைக்கத் துவைக்க ஏணி போல ஓடும். பன்னிரண்டு வருஷமாகத் தைக்கிறேன், இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஊசியைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பக்கங்களில் செல்லோ டேப்புக்கு அடியில் ஒடிந்த ஊசித் துண்டுகள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். துண்டு கிடைக்காவிட்டால் அங்கே இருக்கிற துணியை எல்லாம் பிரித்துத் தேட வேண்டும். தைத்து முடிந்த பிள்ளைச் சட்டைகள் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி வழியாக ஒருமுறை போகும். ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒரு பிள்ளையின் தோலில் குத்திவிடக்கூடாது. அந்த வழக்கத்தை அக்கா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். யாரும் கேட்கப்போவதில்லை, மேற்பார்வை இல்லை, ஆனாலும் பேத்திக்குத் தைக்கும்போது ஒடிந்த ஒவ்வொரு ஊசியும் அந்த நோட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அரிசி நுனி அளவு ஒரு துண்டு. அதற்காக ஒரு ராத்திரி முழுக்க டார்ச் அடித்துத் தேடினாராம்.

எனக்கு ஓய்வு தருகிற ஒரு வேலையை, அதுவே பிழைப்பாக இருக்கிற ஒருவரிடம் போய் 'பொழுதுபோக்கு' என்று சொல்ல நாக்கு கூசியது. சொல்லத்தான் செய்தேன். அக்கா யோசித்துவிட்டு, "எனக்கும் அப்படித்தானே கண்ணு" என்றார். "கழுத்து வலிக்கும், கண்ணு எரியும், ஞாயித்துக்கெழமை படுத்துத் தூங்கலாம்தான். இதுல உக்காந்தாத்தான் தூக்கம் வருது."

பேத்தி மதியத் தூக்கம் முடிந்து எழுந்து வந்தாள். அவள் பிறந்தபோது முதலில் போட்ட ஜபலாவை அக்கா எடுத்துக் காட்டினார். தாத்தாவின் பழைய வேட்டியில் தைத்தது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி அது, புதுத் துணியின் கஞ்சியோ மொடமொடப்போ இல்லை. தையல் பிடித்தங்கள் எல்லாம் வெளிப்பக்கம், உடம்பில் உரசாதபடி. பட்டன் கிடையாது, முதுகில் மட்டும் இரண்டு சின்ன நாடா. முடிச்சுப் போட்டால் விரல்நீளம்கூட மிஞ்சாது. கழுத்தில் தொங்கும் நாடா எதிலாவது மாட்டி இழுத்துவிடும் என்று பிள்ளை உடுப்புகளில் கழுத்து நாடாவுக்குப் பல நாடுகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அக்காவுக்கு அது கம்பெனிக்கு வந்த ஆர்டர் தாளிலிருந்து தெரியும். என் அம்மா எந்தத் தாளையும் படிக்காமல் அப்படித்தான் தைத்தார்.

புறப்படும்போது துணியைத் தைப்பதற்கு முன் கட்டாயம் நனைக்கச் சொன்னார். பனியன் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், அகலத்தைவிட நீளத்தில் கூட. "நனைச்சு, நெழல்ல விரிச்சுப் போடுங்க. கொடியில தொங்கவிட்டா இழுத்துக்கும்."

வீடு திரும்பி இன்டர்லாக்கை வாளியில் ஊறப் போட்டேன். தைப்பதற்கு அன்று வேறொன்றும் இல்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் தைத்த அரக்குப் பாவாடையை எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அம்மா எனக்குச் செய்ததுபோலவே அதில் கீழ்க்கரைக்கு மேலே துணியை மடித்துத் தைத்து நான்கு டக் வைத்திருந்தேன். அரை இஞ்ச் டக் ஒன்றைப் பிரித்தால் ஒரு இஞ்ச் துணி வெளியே வரும். போன வருஷம் ஒன்றைப் பிரித்தாயிற்று. இப்போது அடுத்ததன் நூலைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி உருவினேன். மடிப்புக்குள் வெயிலும் சோப்பும் படாமல் இருந்த துணி வெளியே வந்தது, கடையில் வாங்கிய அன்றைய அரக்கு. அதற்குக் கீழே போன வருஷம் பிரித்த இடத்தின் கோடு, அது பாதி வெளுத்திருந்தது.

மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"ரெண்டு."