பாஸ்புக்கில் யார் பெயர்?

நெல்லைச் சீமையில், முக்கூடலோ மேலப்பாளையமோ, மத்தியான நேரத்தில் தெருவுக்குள் நுழைந்தால் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். “வீட்டு வேலைதானே, முடியாட்டா சுத்தாம இருக்க வேண்டியதுதான். இதுக்கு எதுக்கு லீவு?” என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றாத நாளுக்குக் கூலி கிடையாது. கை ஓய்ந்திருந்தாலும் சம்பளம் வந்தால்தானே அதற்குப் பெயர் லீவு?

முக்கூடலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், ஐந்து வருஷம் மாமியாரின் பாஸ்புக்கில்தான் சுற்றினாள். இலை, தூள், நூல் எல்லாம் அத்தை பெயரில் வரும். சுற்றிக் கொடுத்த கணக்கும் அத்தை பெயரிலேயே ஏறும். ஏழாம் மாதத்தில் டாக்டரம்மா ஓய்வெடுக்கச் சொன்னதும் கடைக்குப் போய், “அண்ணாச்சி, பிரசவ லீவுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டாள்.

“புக்கு உங்க அத்தை பேர்லல்லா இருக்கு? அத்தைக்கா பிரசவம்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் மறுபடியும் சுளகை எடுத்தாள்.

உரிமை இல்லாமல் இல்லை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாகவே கணக்கில் எடுத்தது. பி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1985-ல் அதையே சொன்னது. மகப்பேறு சட்டமும் இவர்களுக்கு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 12 வாரமாக இருந்த லீவு, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. கர்ப்பச் சான்று கொடுத்தால் பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். பிறந்த சான்று கொடுத்தால் மீதியை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் அந்த 80 நாளுக்குச் சாட்சி, பாஸ்புக்தான்.

இதைப் புரிந்துகொண்டவர் மாமியார். மருமகளைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

“ஒரு வீட்டுக்கு ரெண்டு புக்கு எதுக்கு ஆச்சி?”

“ரெண்டு பேரு சுத்துதோம்லா, அதுக்குத்தான்!”

நாலு நடை நடந்தபிறகு மருமகள் பெயரில் புத்தகம் வந்தது. பி.எஃப். பிடித்தம் போகக் கையில் வரும் காசு கொஞ்சம் குறைந்தது. வீட்டில் முணுமுணுப்பும் இருந்தது. இரண்டாவது பிரசவத்தின்போது டாக்டர் சான்றோடு அதே புத்தகத்தை நீட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. 26 வாரம் சுளகு பரணில் கிடந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல், பெரியவர்களுக்கு ஆபரேஷன் என்றால் அதற்கெனத் தனி லீவு கிடையாது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சேரும் சம்பள லீவுதான் ஆதாரம். முந்தைய வருஷம் 260 நாள் சுற்றியிருந்தால் 13 நாள். ஆகவே தினமும் கொடுக்கும் பீடிக்கு அன்றன்றைக்கே பதிவு விழுகிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். பதிய மறுத்தால் தொழிலாளர் துறையில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம்.

போன வருஷம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். மருமகள் தன் கணக்கில் சேர்ந்த லீவைக் கேட்டு வாங்கினாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது, பீடி சுற்றிப் பழகிய அதே விரல்கள்தான்.