9எச்சும் அப்பாவின் சாறத் துணியும்

கடைக்காரர் டோர்ச் லைட்டை பொனட்டுக்கு மேலே சரிச்சுப் பிடிச்சார். அந்த வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிஞ்சது. நூற்றுக்கணக்கில. வெயிலில் எங்களுக்கு ஒருநாளும் இப்படித் தெரிஞ்சதில்லை.

"இது ஆர் கழுவுறது? மண்ணோட சேர்த்துத் தேய்ச்சிருக்கினம்" என்றார்.

அப்பா பக்கத்தில்தான் நின்றவர். ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார் கறுப்பு வேகன் ஆர். 2017இல் செக்கன் ஹாண்டாக வாங்கினது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினதோடு, வாங்கின விலையை விட அதன் விலை கூடிப்போச்சு. 2025இல் திரும்பவும் இறக்குமதிக்கு விட்டாலும், வரியோட சேர்த்துப் பார்த்தால் புதுசு எங்களுக்கு எட்டாது. ஆக, இதைத்தான் கவனமாக வைச்சிருக்க வேணும். என்றைக்காவது காசு முடைப்பட்டு விற்க வந்தாலும் வாறவை முதலில் கேட்கிறது 'ஒரிஜினல் பெயின்டோ?' என்றுதான். அதனாலதான் செரமிக் கோட்டிங் அடிப்பிப்பம் என்று நாங்கள்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு போனது. பென்சன் எடுத்த நாளில் இருந்து விடியக்காலமை ஆறு மணிக்கு வாளியும் பழைய சாறத் துணியுமாக அந்தக் காரைக் கழுவுறவர் அவர். டோர்ச் லைட் காட்டினது அவருடைய எட்டு வருசத்தை.

கடையில் மூன்று வகை சொன்னார்கள். ஒன்று ஸ்ப்ரே, சில மாதம் நிக்கும். மற்றது இரண்டு வருசம் என்று சொல்லி விற்கிற சின்னப் போத்தல். மூன்றாவது ஐந்து வருசம், 'கிரஃபீன்' கலந்தது. அப்பாவின் ஒரு மாதப் பென்சனை விட அதன் விலை கூட. எல்லாப் பெட்டியிலும் '9எச்' என்று பெரிசாகப் போட்டிருந்தது. "வைரம் 10, இது 9" என்று கடைப் பெடியன் சொன்னான். கலைப்பீடத்துப் பிள்ளைகள், விஞ்ஞானத்தை ஓ.எல். உடன் கைகழுவினவர்கள், நம்பித்தான் வீட்டுக்கு வந்தோம்.

இரவு தேடிப் பார்த்தால் அந்த 9எச் பென்சில் கணக்கு. கீறுபெட்டிக்குள் எச்பி, 2பி என்று வைச்சிருந்தோமே, அந்த வரிசையில் ஆக வன்மையானது 9எச். அந்தப் பென்சிலைக் குறிப்பிட்ட பாரத்தில் சரிச்சுத் தள்ளி, படை கீறுப்படாவிட்டால் 9எச் என்கிறார்கள். வைரத்தைப் 10 என்கிற மோஸ் அளவுகோல் வேறு. அதில் 9 எங்கட இரத்தினபுரி நீல மாணிக்கக்கல். சாதாரண மணலில் இருக்கிற குவார்ட்ஸே 7. பென்சில் கீறாத படையை மணல் நல்லாவே கீறும். அதாவது ஐந்து வருசக் கோட்டிங் அடிச்சாலும் சாறத் துணி அதே வட்டங்களைத்தான் திரும்பப் போடும்.

காயும்போது அது கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய சிலிக்காப் படையாக இறுகுது. எவ்வளவு மெல்லிசு என்றால் ஒன்றிரண்டு மைக்ரோன். தலைமயிர் ஒன்று எழுபது மைக்ரோன் வரும். கல் தெறிச்சால் இது தாங்காது, அதுக்குத் தடிச்ச பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேணும். கடைகள் காட்டுற 'முன்பு, பின்பு' படங்களில் இருக்கிற மினுக்கத்தில் பெரும்பங்கு கோட்டிங்குக்கு முதல் மெஷினால் போடுற பொலிஷ்தான். அந்தப் பொலிஷ் கீறலை மறைக்கிறதில்லை. மேல் கிளியர் கோட்டைக் கொஞ்சம் அராவி எடுக்குது. கிளியர் கோட்டே நாற்பது, ஐம்பது மைக்ரோன்தான், அடிக்கடி அராவ ஏலாது.

இவ்வளவும் வாசிச்ச பிறகும் எங்களுக்கு ஐந்து வருசத்தில்தான் ஆசை இருந்தது என்பதையும் சொல்ல வேணும். தண்ணி முத்து முத்தாக உருண்டு ஓடுற வீடியோக்களைப் பார்த்தவைக்கு விளங்கும்.

ஆனால் அந்த முத்துத்தான் யாழ்ப்பாணத்தில் பிரச்சினை. எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டினவை. முத்தாக நிக்கிற தண்ணி வெயிலில் வத்தினால் அதில் கரைஞ்சிருந்த சுண்ணாம்பு அந்த இடத்திலேயே வெள்ளைப் பொட்டாக நிக்கும். கோட்டிங் இருக்கிற காரிலும் இந்தப் பொட்டு விழும். நாள் போனால் வினாகிரி போட்டாலும் லேசில் போகாது.

கடைக்குப் போய் வந்து நாலு நாளாக அப்பா காரைக் கழுவவில்லை. கண்ணாடியில் தூசு. வாளி கவிட்டபடி கிடந்தது. அம்மா ஒருக்கால் எங்களைப் பார்த்த பார்வையே போதும்.

ஐந்தாம் நாள் இரவு அவருக்குப் பக்கத்தில் இருந்து, தண்ணிப் பொட்டுக் கதையை மட்டும் சொன்னோம். கீறலைப் பற்றிக் கதைக்கவில்லை.

"கேத்திலுக்குள்ள பிடிக்கிற படைதானே? அதுக்குத்தானே நான் வெயில் ஏற முதல் கழுவி உடனே துடைக்கிறனான்" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "துணியிலதான் பிழை என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

ஐந்து வருசத்தை விட்டுவிட்டோம். பொலிஷும் போடவில்லை, வட்டங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு ஸ்ப்ரே போத்தல், மூன்று மைக்ரோஃபைபர் துணி, இன்னொரு வாளி. ஒரு வாளி சவர்க்காரத் தண்ணிக்கு, மற்றது துணியை அலசி மண்ணை விட. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணி என்றது அப்பாவின் யோசனை. பீலிக்குக் கீழே பரல் வைச்சது மாரி முழுக்க நிரம்பிச்சு. மாசியோட பரல் வத்தினதால் இப்ப திரும்பவும் கிணத்துத் தண்ணிதான், ஆனால் ஆறு மணிக்குப் பதிலாக ஐந்தரைக்கு எழும்புறார்.

பழைய சாறத் துணியை எறிய விடவில்லை. சில்லுத் துடைக்க வைச்சிருக்கிறார்.