யானிஸை ஆர் பிடிக்கிறது?

2018 யூலை 18, ஸ்காபரோ

டிமார் டிரோசனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது பருவம் எங்கள் ரொறொன்ரோ கூடைப்பந்து அணிக்கு ஆடிய பிள்ளை. பதிலுக்கு வருபவர் கவாய் லெனர்ட். காயத்தால் போன பருவம் 9 ஆட்டம்தான் ஆடினார். "ஏனப்பா அவரை அனுப்பினவை?" மகன் டிரோசனின் பத்தாம் இலக்கச் சட்டையோடு அழுதுகொண்டு நிற்கிறான்.

போன பருவம் 59 ஆட்டம் வென்று கிழக்குப் பிரிவில் முதலாவதாக வந்தோம். பருவம் முடிந்து நடக்கும் பிளே ஓஃபின் இரண்டாம் சுற்றில் கிளீவ்லண்ட் நாலு ஆட்டத்தையும் பறித்துக்கொண்டது. பயிற்றுநர் டுவேன் கேசியை மே மாதமே நீக்கினார்கள். போன மாதம் ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்கே கிடைத்தது. எனக்கு மனம் ஆறவில்லை.

2019 பெப்ரவரி 7

அணியிலிருந்து வலன்சியூனஸ் போகிறார், மார்க் கசோல் வருகிறார். 34 வயது. ஆனால் பந்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று தெரிந்த கை.

மே 12

பிளே ஓஃபில் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம். கவாய் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி விழுந்தது. 92-90 என்று வென்றோம். மூச்சு வரவில்லை.

மே 19

அடுத்த சுற்றில் மில்வோக்கியில் இரண்டு ஆட்டமும் தோற்றுத்தான் வந்திருந்தோம். அங்கே அவர்களின் நட்சத்திரம் யானிஸை மறித்தது பெரும்பாலும் எங்கள் சியாக்கம். இன்று புதுப் பயிற்றுநர் நிக் நேர்ஸ் அந்த வேலையைக் கவாயிடம் கொடுத்தார். யானிஸ் தோளைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் கவாய் நெஞ்சால் தாங்குகிறார். அவரைத் தாண்டினாலும் வளையத்துக்கு முன்னால் கசோல். போன ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தவருக்கு இன்று 12. இரண்டு மேலதிக நேரம் போய் 118-112 என்று வென்றோம். கவாய் 52 நிமிடம் ஆடினார்.

82 ஆட்டப் பருவத்தில் ஓர் அணியைக் கண்டு மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடலாம். பிளே ஓஃபில் அதே ஆட்கள் மறுபடி மறுபடி வருவார்கள். உங்கள் ஓட்டையைக் கண்டுபிடித்து அதிலேயே அடிப்பார்கள். இரண்டு தோல்விக்குப் பிறகு தன் திட்டத்தையே கைவிடத் துணிகிற பயிற்றுநர் வேண்டும். அப்படி மாற்றும்போது தாங்குகிற ஆளும் வேண்டும்.

யூன் 2

மில்வோக்கியைத் தாண்டி இறுதிச் சுற்று, கோல்டன் ஸ்டேட்டோடு இரண்டாவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் அவர்களின் கிளே தொம்சன் காயத்தோடு வெளியேற, நேர்ஸ் நாலு பேரைப் பெட்டிபோல நிறுத்தி, எங்கள் வன்வ்ளீட்டை மட்டும் அவர்களின் கரியின் பின்னால் ஓடவிட்டார். "இது நாங்கள் பள்ளிக்கூடத்தில ஆடுறதெல்லோ!" என்று மகன் துள்ளி எழும்பினான். ஐந்து நிமிடத்துக்கு மேல் கோல்டன் ஸ்டேட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆனாலும் 109-104 என்று தோற்றோம். தோல்விதான், எனக்கு நம்பிக்கை வந்தது இன்றுதான்.

யூன் 13

114-110. கிண்ணத்தை வென்றுவிட்டோம்! வன்வ்ளீட் கடைசிக் கால்பகுதியில் மட்டும் 12 புள்ளி. அவர்களிடம் டுரான்ட் இல்லை, தொம்சனும் இடையில் காயப்பட்டு விழுந்தார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் போன வருடத்து அணி இந்த வாசலுக்கே வந்திருக்காது.

யூலை 6

கவாய் கிளிப்பர்ஸுக்குப் போகிறாராம். ஒரே ஒரு பருவம். மகன் இந்த முறை அழவில்லை. தேநீரை வைத்துவிட்டுக் கேட்டான்: "அப்ப அடுத்த முறை யானிஸை ஆர் பிடிக்கிறது?"